பெட்டி போகட்டும், ரபாப் வரட்டும், அப்புறம்?

2022 மே மாதம் அமிர்தசரஸ் பொற்கோயிலில் இருந்து ஒரு செய்தி வந்தது. கீர்த்தனம் என்கிற வழிபாட்டுப் பாடலில் ஆர்மோனியத்தைப் படிப்படியாகக் குறைத்து, மூன்று ஆண்டுகளுக்குள் ரபாப் மாதிரிப் பழைய தந்தி வாத்தியங்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சீக்கியர்களின் தலைமைப் பீடமான அகால் தக்த் சொல்லிவிட்டது. மதுரையில் அதைப் படித்துப் பதறிய ஆள் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தெற்கு மாசி வீதிப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்து ஆர்மோனியம் பழுது பார்த்துப் பிழைக்கிறவனுக்கு, எந்த மூலையில் யார் பெட்டியைக் கைவிட்டாலும் வயிற்றில் புளி கரைக்கத்தானே செய்யும்.

ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தைத் தொழில்காரனாக என்னால் மறுக்க முடியவில்லை. ஆர்மோனியத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போக முடியாது. இந்தக் கட்டையை அழுத்தினால் ஸ, அடுத்ததை அழுத்தினால் ரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் காற்றோடு போச்சு. வீணையில் தந்தியை இழுத்து வாங்குகிற கமகம் இதில் வரவே வராது. பாரிஸில் பிறந்து கப்பலேறி வந்த வாத்தியம் இது. 1875 வாக்கில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதற்குக் கைத்துருத்தி வைத்து, தரையில் சம்மணம் போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். நம் இசைக்கு ஒத்துவராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-ல் இதைத் தடை செய்தது. 1971 வரை பெட்டி வாசலிலேயே நின்றது.

என்னிடம் வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் துருத்தித் தோலைக் கரப்பான் அரித்ததாக இருக்கும். அது சுலபம். கஷ்டம் ரீட்தான். பித்தளையில் மெல்லிய நாக்கு. குஜராத்தில் பாலிதானாவில் செய்த பழைய ரீட் என்றால் கையில் எடுக்கும்போதே ஒரு மரியாதை வந்துவிடும். சுருதி இறங்கியிருந்தால் நாக்கின் நுனிப்பக்கம் சுரண்ட வேண்டும். ஏறியிருந்தால் அடிப்பக்கம். சுரண்டுவது என்றால் பிளேடு பட்டதா படவில்லையா என்கிற அளவுக்குத்தான். கொஞ்சம் கை அழுந்திவிட்டால் அந்த நாக்கு அழுமூஞ்சியாகிவிடும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் பக்கத்து ரீடோடு சேராது. ஸ்கூல் விட்டு வந்ததும் இதைத்தான் அத்தா எனக்குப் பழக்கினார். அத்தாவுக்கு இது உபதொழில். அவருடைய நிஜத் தொழில் நாடகத்துக்கு வாசிப்பது. அதற்கு வருகிறேன்.

சர்தார்ஜி எனக்குப் பழக்கமானது ரீட் வேலையில்தான். லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மதுரைக்கு வந்து எவ்வளவு காலமோ, தமிழில் என்னைவிட நன்றாகச் சண்டை போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் நாலைந்து குடும்பங்கள் கூடி கீர்த்தனம் பாடுவார்கள். அதற்கான பெட்டியைச் சுருதி சேர்க்க என்னிடம் கொண்டுவருவார். இந்தச் செய்தி வந்த வாரம் கடைக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"பாய், உங்க பொழப்புல மண்ணு விழப்போகுது."

"பெட்டி இல்லாம என்னத்த வச்சுப் பாடுவீங்க?"

"ரபாப். அதை மொதல்ல வாசிச்சதே உங்க ஆளுதான்."

அவர் கடையில் மாட்டியிருக்கும் காலண்டரில் குருநானக் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒருவர் மடியில் தந்தி வாத்தியத்தோடு இருப்பார். யாரோ சீடர் என்றுதான் நம் ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். அவர்தான் மர்தானா. 1459-ல் தல்வண்டியில் பிறந்த முஸ்லிம். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் நன்கானா சாகிப். நானக் பிறந்ததும் அதே ஊரில்தான், பத்து வருஷம் கழித்து. மர்தானாவின் சாதி மிராசி. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்ப் பாடி, பெரிய வீட்டுக்காரர்களின் வம்ச வரலாற்றைச் சொல்லிக் காசு வாங்குகிற சாதி. பாட்டு வேண்டும், பாடுகிறவன் திண்ணையோடு நிற்க வேண்டும் என்கிற கணக்கில் வைக்கப்பட்டவர்கள்.

நானக் ஊர் ஊராகப் போன பயணங்களில் மர்தானா கூடவே போயிருக்கிறார். ஜனம்சாகிகள் என்று சொல்லப்படும் பழைய கதைத் தொகுப்புகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. நானக்குக்குப் பாட்டு பொங்கி வரும். "மர்தானா, ரபாபை எடு, வாணி வருகிறது" என்பார். அவர் தந்தியை மீட்டினதும் பாட்டு பிறக்கும். அதே கதைகளில் மர்தானாவுக்கு எப்போதும் பசிக்கும், தாகம் எடுக்கும், வீட்டு ஞாபகம் வரும், "இனி ஒரு அடி நடக்க முடியாது" என்று உட்கார்ந்துவிடுவார். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது அதனால்தான். குருவுக்குப் பசிக்காது. வாத்தியக்காரனுக்கு எந்தக் காலத்திலும் பசிதான்.

இலங்கைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நானக் ராமேஸ்வரத்தில் தங்கினார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அங்கே அவர் பெயரில் குருத்வாரா இருக்கிறது. நவம்பரில் குருநானக் ஜெயந்தி வந்தால் சர்தார்ஜி குடும்பத்தோடு போவார். ஒருமுறை என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டேன். பாடினவர்கள் ஆர்மோனியமும் தபலாவும் வைத்துத்தான் பாடினார்கள். என் காது பெட்டியிலேயே இருந்தது. மேல்ஸ்தாயியில் ஒரு ரீட் லேசாக அடித்தது. தொழில் புத்தி எங்கே போகும்.

நிற்க. ஒரு மகான், அவர் பாடும்போதெல்லாம் தந்தி மீட்டிக்கொண்டு கூடவே நடக்கிற தாழ்ந்த சாதிப் பாட்டுக்காரன். இதை சர்தார்ஜி சொல்லச் சொல்ல எனக்கு வேறொருவர் ஞாபகம் வந்துகொண்டே இருந்தார். திருநீலகண்ட யாழ்ப்பாணர்.

ஞானசம்பந்தர் பதிகம் பாடப் பாட அதை யாழில் ஏற்றினவர் அவர். பாணர் குலம். மனைவி மதங்கசூளாமணியாரும் பாடுகிறவர். பெரியபுராணத்தில் சாத்தமங்கையில் ஒரு காட்சி வரும். சம்பந்தரை வீட்டில் தங்கவைத்த திருநீலநக்கர் என்கிற வேதியர், பாணருக்கு எங்கே இடம் கொடுப்பது என்று தயங்கி, பிறகு சம்பந்தர் சொன்னபடி வேள்வி மேடைக்குப் பக்கத்திலேயே படுக்க இடம் கொடுக்கிறார். வேள்வித் தீ வலம் சுழித்து ஓங்கி எரிந்ததாம். பாணருக்கு அங்கே படுக்கலாம் என்று சொல்வதற்குத் தீயே சாட்சி சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. தருமபுரத்தில் இன்னொரு கதை. சம்பந்தரின் பாட்டு இத்தனை பரவியதற்கு யாழ்தான் காரணம் என்று பாணரின் சொந்தக்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். பாணருக்கு அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடும்படி சம்பந்தரை அவரே கேட்கிறார். 'மாதர் மடப்பிடியும்' பதிகம் பிறக்கிறது. யாழில் அது வரவில்லை என்றதும் யாழையே உடைக்க ஓங்கியவரை சம்பந்தர் தடுத்துவிடுகிறார்.

மதுரைக்காரனுக்கு இதற்குத் தருமபுரம் வரை போக வேண்டியதுகூட இல்லை. ஆவணி மூலத் திருவிழாவில் விறகு விற்ற லீலை நடக்கும்போது தெருவே நிற்கும். வடக்கிலிருந்து வந்த ஏமநாதனிடம் தோற்றுவிடுவோமோ என்று பயந்த பாணபத்திரருக்காக, சொக்கநாதரே விறகுக்கட்டைச் சுமந்துகொண்டு வந்து பாடிய கதை. எல்லோரும் விறகுவெட்டியைப் பார்க்கிறார்கள். நான் பாணபத்திரரைத்தான் பார்ப்பேன். கோயிலில் யாழ் வாசித்துச் சம்பளம் வாங்கிய ஆள், வேலை போய்விடுமோ என்று ராத்திரி தூங்காமல் கிடந்த ஆள்.

கூலி என்றதும் சத்தாவும் பல்வந்தும் வந்துவிடுகிறார்கள். இவர்கள் குருவின் சபையில் பாடிய ரபாபிகள். மர்தானா வழியில் கீர்த்தனம் பாடிய முஸ்லிம் பாடகர்களுக்கு ரபாபிகள் என்றே பெயர் வந்துவிட்டது. வீட்டுப் பெண்ணின் கல்யாணச் செலவுக்குச் சீக்கியர்களின் ஐந்தாவது குருவான அர்ஜனிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். கேட்ட அளவு கிடைக்கவில்லை. நாங்கள் பாடுவதால்தான் கூட்டம் வருகிறது என்று சொல்லிப் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். குரு அவர்களைக் கெஞ்சவில்லை. தானே வாத்தியத்தை எடுத்தார், கூடியிருந்த ஜனங்களையே பாடச் சொன்னார். ரபாபிகள் ஊரில் மதிப்பிழந்து கஷ்டப்பட்டு, கடைசியில் லாகூரிலிருந்து ஒருவர் சிபாரிசு செய்து மன்னிப்பு வாங்கிக் கொடுத்தார் என்று மரபுக்கதை சொல்கிறது.

சர்தார்ஜி இதை அகம்பாவத்துக்குக் கிடைத்த அடி என்று சொன்னார். வாத்தியக்காரன் மகனான என் காதில் அது சம்பளத் தகராறாகத்தான் விழுந்தது. கல்யாணச் செலவு என்ன சாதாரணமா? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டை போட்ட அதே இருவரின் பாட்டு, ராம்கலி ராகத்தில், சீக்கியர்களின் வேதநூலான குரு கிரந்த சாகிப்புக்குள்ளேயே இருக்கிறது. 1604-ல் அதன் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தவர் அதே குரு அர்ஜன்தான். சேக் பரீத் என்கிற சூஃபியின் நாலு பாடல்களும் 112 சலோகங்களும் அதில் உண்டு. மொத்தம் 1430 பக்கம், பெரும்பகுதி ராகவாரியாகப் பிரித்தது, பிரதானமாக 31 ராகம். தேவாரத்தைப் பண்முறையில் அடுக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும்.

ராகம் பெயராக ஏட்டில் இருக்கும். அதை எப்படிப் பாடுவது என்பது ஏட்டில் இருக்காது. அது ரபாபிகளின் வீடுகளில் இருந்தது. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, வாயிலிருந்து காதுக்கு. பொற்கோயிலிலேயே ராகிகள் என்கிற சீக்கியப் பாடகர்களோடு முறை போட்டு ரபாபிகளும் பாடினார்கள். பாய் சாந்த், பாய் லால் போன்றவர்கள் பஞ்சாப் முழுக்கத் தெரிந்த பெயர்கள். 1947 வந்தது. எல்லை நடுவில் விழுந்தது. அமிர்தசரஸ் ரபாபிகள் முஸ்லிம்கள் என்பதால் லாகூர்ப் பக்கம் போனார்கள். அவர்களுடைய பாட்டைக் கேட்கிற சீக்கியர்கள் லாகூரிலிருந்து அமிர்தசரஸ் பக்கம் வந்தார்கள். இதைவிடக் கொடுமையாக ஒரு பாட்டுக்காரனை யாராலும் தண்டிக்க முடியாது. பலர் கவ்வாலிக்கு மாறினார்கள், பலர் பாட்டையே விட்டார்கள். பாய் குலாம் முகம்மது சாந்த் மாதிரி வெகுசிலர் விடாமல் வைத்திருந்து, வயதான காலத்தில் வெளிநாட்டுச் சீக்கியர்களுக்குப் பாடிக் காட்டினார்கள்.

திரும்பி வந்திருந்தாலும் முன்போல உட்கார்ந்து பாடியிருக்க முடியாது. 1945-ல் இறுதியான சீக்கிய நடத்தை விதித்தொகுப்பு, ரெஹத் மரியாதா, சங்கத்தில், அதாவது கூட்டு வழிபாட்டில், கீர்த்தனம் செய்வது சீக்கியருக்கு மட்டுமே உரியது என்று விதி வைத்துவிட்டது. எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை. அதைச் சர்தார்ஜியிடமே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "பாய், எங்களுக்கு இது கச்சேரி இல்ல. தொழுகை. உங்க பள்ளிவாசல்ல நான் வந்து பாங்கு சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்றார்.

நல்ல கேள்வி. எங்கள் பக்கமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. கோரிப்பாளையம் தர்காவில் பக்கீர்கள் தப்ஸ் அடித்துக் குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டைப் பாடினால் கூட்டம் நின்று கேட்கும். மஸ்தான் சாகிபு தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடிக்காரர், நம்ம ஊர்க்காரர் மாதிரிதான். ஆனால் அதே தெருவில் அத்தாவுக்கு முதுகுக்குப் பின்னால் 'பெட்டிக்காரன்' என்றுதான் பெயர். பாட்டு ஹராம் என்று சொல்லிப் பெண் கொடுக்க யோசித்தார்கள் என்று அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்லும்.

அத்தா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம். மேடைக்கு ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், ஆல்ரவுண்டு என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பங்குனி, சித்திரை வந்தால் வீட்டில் ஆளைப் பார்க்க முடியாது. மேலூர், உசிலம்பட்டி, திருப்புவனம் பக்கம் ஊர் ஊராக வள்ளி திருமணம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் வள்ளிக்குக் கல்யாணம் முடிய விடிந்துவிடும். முருகன் வேஷக்காரருக்கு விருத்தத்தில் மூச்சு முட்டினால் அத்தா துருத்தியை ஒரு அமுக்கு அமுக்கி அந்த இடத்தை நிரப்பிவிடுவார், கீழே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மங்களம் முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் துண்டை விரித்து பஜ்ரு தொழுவார். எழுந்திருக்கும்போது யாராவது டீயோடு நிற்பார்கள். சின்ன வயதில் கூடப் போய், சுருட்டிய படுதா மேல் தூங்கியிருக்கிறேன். எல்லாம் பார்த்தது.

வருஷா வருஷம் கூப்பிட்ட ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். புதுசாக ஒரு விழாக் கமிட்டி வந்தது. சாமி காரியம், வேற ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தா சரி என்றுவிட்டார். அடுத்த நாள் அதே கமிட்டியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஏற்பாடு பண்ணின ஆளிடம் இருந்த பெட்டி சரியில்லையாம். "பெட்டிய மட்டும் வாடகைக்குக் குடுங்க, பாய்."

அத்தா கொடுத்தார். நான் இன்றைக்கும் கொடுத்திருக்க மாட்டேன். "வள்ளி வேஷம் போடுற புள்ள அஞ்சரைக் கட்டையில பாடும். அந்த ஓட்டப் பெட்டிய வச்சா தொண்டை கிழிஞ்சுபோகும்" என்று சொல்லிக்கொண்டே துணி சுற்றிக் கொடுத்தார். வாடகையைக் கறாராக முன்பணமாக வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.

பொற்கோயில் செய்தியைப் படித்ததிலிருந்து என் மண்டைக்குள் ஓடுவது இதுதான். பெட்டி போய் ரபாபும் சரந்தாவும் தாவூசும் தில்ரூபாவும் உள்ளே வரட்டும், நல்லதுதான், இசைக்கு நல்லதுதான். பாட்டியாலா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்துறையே நடத்துகிறார்கள், இளம்பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். வாத்தியம் திரும்புகிறது. வாசித்த குடும்பம் திரும்புமா என்பதை யாரும் பேசக் காணோம். ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானா கோயிலுக்கு நாகஸ்வரம் வாசித்தாரே, 1998-ல் சங்கீத கலாநிதி வாங்கினாரே, ரங்கநாதருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லையே என்று சர்தார்ஜியிடம் கேட்டேன். "அது வாசிப்பு. இது வாக்கு" என்றார். அந்த வித்தியாசத்தை நான் முழுசாக ஏற்கவில்லை, முழுசாகத் தள்ளவும் முடியவில்லை.

சரி, சங்கத்தில் பாட வேண்டாம். கற்றுக்கொடுக்கலாமே? நம்மிடம் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. சிதம்பரத்தில் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டபோது பாட்டு கிடைத்தது, பாடும் விதம் கிடைக்கவில்லை. திருஎருக்கத்தம்புலியூருக்குப் போய், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து, அவர் பாடிக்காட்டிய பிறகுதான் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். அந்தப் பெண்ணின் பெயர்கூட அதில் இல்லை. இன்றைக்கு ஓதுவார் பாடும் ஒவ்வொரு பண்ணும் அவர் தொண்டை வழியாக வந்தது. லாகூர் சந்துகளில் இன்னும் நாலு வீட்டில் அப்படி யாராவது மிச்சம் இருந்தால் அமிர்தசரஸிலிருந்து ஒரு வண்டி போகலாம். எல்லை, விசா எல்லாம் இருக்கிறது. ஆனால் 2019-ல், நானக் கடைசிக் காலத்தைக் கழித்த, பாகிஸ்தான் பக்கம் இருக்கும் கர்தார்பூருக்கே பாதை திறந்தார்கள்.

சர்தார்ஜி இதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் மகன் பஞ்சாபில் ஒரு ரபாப் செய்யச் சொல்லியிருக்கிறானாம். ஒரே மரத்தைக் குடைந்து, மேலே தோல் போர்த்தி, நரம்புத் தந்தி கட்டுவது. ஐப்பசி மழையில் தோல் தொய்ந்துவிட்டால் மதுரையில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். தோல் வேலை எனக்குத் துருத்தியோடு சரி. மிருதங்கத்துக்கு மூட்டுப் போடுகிற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், அத்தா காலத்துப் பழக்கம். முதலில் ரபாபைக் கொண்டுவரட்டும், தோலைப் பார்த்துவிட்டுத்தான் கூலி சொல்வேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.